கண்ணீர்ப்புகை, தடியடி, துப்பாக்கிச்சூடு: போராட்டக் களத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. தூத்துக்குடி பல இடங்களில் வரும். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று, ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. மறுநாளும் சுட்டது. 13 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

கண்ணீர்ப்புகை ஒரு வாயுவா?

இல்லை. இந்த விஷயத்தில் தமிழ்ப் பெயர்தான் சரி, அது புகையேதான். இன்று பெரும்பாலும் பயன்படுவது சி.எஸ். என்ற வேதிப்பொருள். 1928-ல் இதை உருவாக்கிய கார்சன், ஸ்டௌட்டன் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. சாதாரண வெப்பத்தில் அது வெள்ளைத் தூள். சுமார் 95 டிகிரியில் உருகும். எரியும் கலவையோடு சேர்த்து உலோகக் குப்பியில் அடைத்திருப்பார்கள். கலவை எரியும்போது தூள் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் மறுபடி மிக நுண்ணிய துகள்களாக உறைந்து பரவுகிறது.

இது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். துகள் என்பதால் சட்டையில், தலைமுடியில், பஸ் இருக்கையில், வீட்டுத் தலையணையில் படியும். தட்டினால் மறுபடி கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் சுரங்கப்பாதையிலும் தேங்கும். எண்ணெயில் ஒட்டும், அதனால் எண்ணெய் வைத்த தலை இதற்கு நல்ல பசை.

இந்தியக் காவல்படைகளுக்கான குண்டுகளை மத்தியப் பிரதேசத்தின் டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைப் பிரிவு தயாரிக்கிறது.

உடம்பில் பட்டால் என்ன ஆகும்? எவ்வளவு நேரம் இருக்கும்?

வலியை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டிவிடுகிறது. சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் கண் எரிந்து தானாக இறுக மூடிக்கொள்ளும். மூக்கு ஒழுகும், இருமல் வரும், நெஞ்சு இறுகும், சிலருக்கு வாந்தி வரும். மூச்சே நின்றுவிடும் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் வரும். அந்தப் பயத்தில் கண்ணை மூடியபடி ஓடுவதால்தான் பலர் விழுந்து மிதிபடுகிறார்கள். நல்ல காற்றுக்கு வந்தபின் பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்தில் குறையும்.

குறையாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கண் திறக்க முடியவில்லை, பார்வை மங்கலாக இருக்கிறது, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூடிய இடத்தில் நிறையச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துக்கூட நடக்கலாம். அன்றிரவு நன்றாக இருந்தவர் மறுநாள் காலை மூச்சு வாங்கினால், அதைச் சளி என்று தள்ளிவிட வேண்டாம்.

பட்டவுடன் என்ன செய்வது?

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, முடிந்தால் மேடான இடத்துக்கு நகருங்கள். ஓட வேண்டாம். ஓடினால் மூச்சு ஆழமாகும், இன்னும் அதிகமாக உள்ளே போகும். கண்ணைத் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் துகளைத் தேய்த்தால் கருவிழியில் கீறல் விழும்.

கண்ணுக்குச் சுத்தமான தண்ணீர் அல்லது சலைன் போதும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதோரம் நோக்கி ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் ஒரு கண்ணில் இருந்தது மறு கண்ணுக்கும் வாய்க்கும் போகும். 10 முதல் 15 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். ஒருவருக்கே ஒரு லிட்டருக்கு மேல் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுபோங்கள். களத்தில் முதலில் தீர்ந்துபோவது தண்ணீர்தான். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதல் வேலையே அதைக் கழற்றி எறிவது, அதுவும் துகள் படாத விரலால். லென்ஸுக்கு அடியில் சிக்கிய துகள் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போகாது.

சட்டையைத் தலைவழியாக உருவினால் முகத்தில் மறுபடி தடவியதுபோல் ஆகும். பட்டன் சட்டை நல்லது. டி-சர்ட்டாக இருந்தால் கத்தரித்து எடுத்துவிடலாம். கழற்றியதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். குளிக்கும்போது முதலில் தலையை முன்னால் குனிந்து அலசி, பிறகு உடம்புக்கு ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும், வெந்நீர் வேண்டாம். தண்ணீர் பட்டதும் தோல் எரிச்சல் கொஞ்ச நேரம் கூடும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வெங்காயம், எலுமிச்சை, பால், பற்பசை உதவுமா?

உதவாது. வெங்காயம் தானே கண்ணை எரிக்கும் பொருள். எலுமிச்சையும் வினிகரும் அமிலம், புண்பட்ட கண்ணில் படக்கூடாது. பால் எரிச்சலைத் தணிப்பதுபோல் தோன்றினாலும் அதில் கிருமி வளரும், தண்ணீரைவிட நன்றாகக் கழுவுவதும் இல்லை. கண்ணுக்குக் கீழே பற்பசை தடவினால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும். தேங்காய் எண்ணெய், வாசலின், எண்ணெய்ப்பசை உள்ள கிரீம் எதையும் புறப்படும் முன்பு பூசக்கூடாது, காரணத்தை மேலே சொல்லியிருக்கிறோம்.

முகக்கவசம் பயன்படுமா?

துணி முகக்கவசமும் ஈரக் கைக்குட்டையும் வெளியேறும் வரை சில நிமிடம் தாங்கும். அதற்கு மேல் அந்த ஈரத்துணியே துகளைப் பிடித்துவைத்து வாயோரத்தை எரிக்கும். என்95 துகளை ஓரளவு வடிகட்டும்; கண்ணுக்கு எதுவும் செய்யாது. முகத்தோடு ஒட்டி மூடும் நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு உதவும். ஆனால் உள்ளே புகை புகுந்த பிறகு அதைப் போட்டால் எரிச்சலைப் பூட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். வெயில் கண்ணாடியால் பயனில்லை.

யார் இந்த ஆபத்துள்ள இடத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது?

ஆஸ்துமா உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் கண் அறுவை செய்தவர்கள். குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம். அவர்கள் வேகமாக மூச்சு விடுகிறார்கள், கனமான புகை தேங்கும் உயரத்திலேயே அவர்கள் முகமும் இருக்கிறது. ஆஸ்துமாவோடு போயே ஆகவேண்டும் என்றால் இன்ஹேலர் பையில் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும்.

குண்டே தாக்கி ஆள் சாக முடியுமா?

முடியும். துப்பாக்கியிலிருந்து வரும் ஷெல் சுமார் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகமோ கடின பிளாஸ்டிக்கோ. முகத்திலோ நெற்றிப்பொட்டிலோ நேராகப் பட்டால் மண்டை உடையும், கண் போகும். அதனால்தான் அதை மேல்நோக்கிச் சாய்த்து, கூட்டத்துக்கு முன்னாலோ ஓரத்திலோ விழும்படி சுட வேண்டும் என்பது விதி. ஆட்களைக் குறிவைத்துச் சுடுவது, தலையை நோக்கிச் சுடுவது இரண்டையும் குறைந்த ஆபத்துள்ள ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. மனித உரிமை வழிகாட்டுதல் தவறு என்கிறது. போலீஸ்காரரின் துப்பாக்கிக் குழல் கிடைமட்டமாக இருக்கும் ஒரு புகைப்படம் பின்னால் நீதிமன்றத்தில் பல பக்க மனுவைவிட அதிகம் பேசும்.

2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியானா எல்லையான ஷம்புவில் விவசாயிகள்மீது ஹரியானா போலீஸ் டிரோனிலிருந்து குண்டுகளைப் போட்டது. மேலிருந்து விழும் குண்டுக்குக் கோணமும் கிடையாது, போட்டவர் முகமும் தெரியாது. இதைச் சாதாரண முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எரியும் குப்பி கையை வேகவைத்துவிடும். அதைத் தூக்கித் திருப்பி எறிந்தால் போலீஸைத் தாக்கியதாக வழக்கும் வரும். விலகிப் போங்கள்.

காலாவதியான குண்டு ஆபத்து குறைந்ததா, கூடியதா?

வீரியம் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். சி.எஸ். தூள் எளிதில் கெடாது, கெடுவது அதைச் சுற்றியுள்ள எரிகலவையும் திரியும்தான். அதனால் சீராக எரியாமல் வெடிக்கலாம், தாமதமாகப் பற்றலாம், எதிர்பாராத திசையில் பாயலாம். 2022-ல் இலங்கையில் அரகலய போராட்டத்தின்போது காலாவதியான குண்டுகள் வீசப்பட்டது பெரிய பிரச்சினையானது. காலி உறைமேல் தயாரிப்பு ஆண்டும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இருக்கும். அதைப் படம் எடுங்கள்.

மூடிய இடத்தில் போட்டால்?

இதுதான் மிகக் கொடியது. சாவுக்குக் காரணம் பெரும்பாலும் நஞ்சு அல்ல, வெளியேற வழியில்லாமையே. 1964-ல் பெரு நாட்டின் லிமா மைதானத்தில் கண்ணீர்ப்புகைக்குப் பயந்து ஓடிய கூட்டம் பூட்டிய கதவுகளில் நசுங்கி முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் அதேபோல் 135 பேர். 2013-ல் எகிப்தில், கைதிகள் அடைக்கப்பட்ட வண்டிக்குள் போட்டதில் 37 பேர்.

நம் நாட்டில் இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. 2011 ஜூன் 4 நள்ளிரவு டெல்லி ராம்லீலா மைதானப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசித் தடியடி நடத்தியது. ஒரு பெண் பின்னர் இறந்தார். 2012 பிப்ரவரி 23 தீர்ப்பில் நீதிமன்றம் அதை அதிகார மீறல் என்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000, சிறு காயத்துக்கு 25,000 ரூபாய் என்று இழப்பீடு விதித்தது. அதில் கால் பங்கை ஏற்பாட்டாளர்களின் அறக்கட்டளை தர வேண்டும் என்றும் சொன்னது. கூட்டம் நடத்துகிறவர்கள் இந்தக் கடைசி வரியை மறக்கக்கூடாது. வெளியேறும் வழிகளைத் திறந்து வைப்பது உங்கள் பொறுப்பும்தான்.

போலீஸ் எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம்?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தின் 148 ஆகியிருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தையோ, அமைதியைக் குலைக்கக்கூடிய 5 அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் கூட்டத்தையோ கலைந்து போகும்படி முதலில் உத்தரவிட வேண்டும். உத்தரவிடக்கூடியவர் நிர்வாக நடுவர் (நடைமுறையில் வருவாய்த்துறை அதிகாரி), அல்லது காவல் நிலையப் பொறுப்பதிகாரி. அவர் இல்லாவிட்டால் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவர். கலையாவிட்டால், அல்லது கலையப் போவதில்லை என்று நடந்துகொண்டால்தான் பலம்.

பலத்துக்கும் படிகள் உண்டு. தமிழ்நாட்டில் காவல் நிலையாணை (காவல்துறையின் நிரந்தர விதித்தொகுப்பு) 703 இதைப் பேசுகிறது. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சல், தடியடி, எச்சரிக்கைச் சூடு, கடைசியில்தான் ஆளை நோக்கிய சூடு. ஒவ்வொரு படிக்குப் பிறகும் மக்கள் விலக நேரமும் வழியும் கொடுத்தால்தான் அது படி. மூன்று பக்கமும் மறித்துவிட்டுப் புகை போடுகிறவர் கூட்டத்தைக் கலைக்கவில்லை, தண்டிக்கிறார். தண்டிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் போலீஸுக்குத் தரவில்லை.

தடையுத்தரவு போட்டிருந்தால் அடிக்கலாமா?

பழைய 144, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 163. அதை மீறுவது குற்றம், வழக்குப் போடலாம், கைது செய்யலாம். மீறியதாலேயே அடிக்க உரிமை வந்துவிடாது. எச்சரிக்கையும் படிகளும் அப்போதும் வேண்டும். மாவட்டங்களில் 1861 காவல் சட்டத்தின் 30(2), சென்னையில் 1888 நகரக் காவல் சட்டத்தின் 41 ஆகியவற்றின்கீழ் வரும் கட்டுப்பாடுகளுக்கும் இதே பதில்தான். உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் காவல் நிலைய எல்லை, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்று பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே நிற்கும்.

தூத்துக்குடியில் எந்தப் படி தவறியது?

ஏறக்குறைய எல்லாமே. மே 21 இரவு நகரத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் 144 வந்தது. திரளப்போவது எத்தனை பேர் என்று முன்பே தெரிந்திருந்தும் பேச்சுவார்த்தையை முறையாக நடத்தவில்லை. மாவட்ட ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். ஆணையம் அவரது அலட்சியத்தைக் கண்டித்தது. சுடும் உத்தரவு தனித் துணை வட்டாட்சியர்கள் பெயரில் வழக்கில் காட்டப்பட்டது. ஒரு மாவட்டமே திரண்ட நாளில் அந்தத் தீர்மானம் இவ்வளவு கீழ்மட்டத்தில் ஏன் இருந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லப்படவில்லை.

சூட்டுக்கு முன்னால் உரிய எச்சரிக்கை இல்லை, படிகள் பின்பற்றப்படவில்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள், தூண்டுதல் இல்லாமல் நடந்த சூடு இது என்று ஆணையம் முடிவுக்கு வந்தது. 17 போலீஸார்மீதும் ஆட்சியர்மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்ததாகவும் அவர்களில் பாதிப்பேர் பின்னாலிருந்து சுடப்பட்டதாகவும் 2018 டிசம்பரில் எழுதியது. இறந்தவர்களில் ஒருவர் 17 வயது மாணவி. கூட்டத்தைக் கலைக்கச் சுடுகிறவர் இடுப்புக்குக் கீழே குறிவைக்க வேண்டும். முதுகில் பாய்ந்த குண்டுக்கு எந்த நிலையாணையிலும் விளக்கம் கிடையாது.

தடியடி பட்டால்?

லத்தி இடுப்புக்குக் கீழே, சதைப்பற்றுள்ள இடத்தில்தான் விழ வேண்டும். தலையில் அடிபட்டவரை 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி பெரிதாவது இதில் எது வந்தாலும் ஸ்கேன் வேண்டும். முன்கையில் அடிபட்டு விரல் மரத்தால் எலும்பு முறிந்திருக்கலாம். கையால் தலையை மறைக்கும்போது அந்த இடத்தில்தான் அடி விழும். மருத்துவர் அதைப் பதிவு செய்தால், தாக்க வந்தவர் அல்ல, தடுத்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்க வேண்டும்?

ஏ.ஆர். காப்பி. அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதன் நகல் அது. காயம் எப்படி வந்தது என்ற ஒரு வரிதான் அதில் உயிர். அவசரத்தில் “கீழே விழுந்ததாகச் சொன்னார்” என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது மிகக் கடினம். எந்த நேரம், எந்த இடம், எதனால் அடிபட்டது, அடித்தவர் சீருடையில் இருந்தாரா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வழக்கு வரும் என்று பயந்து தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு நடந்தது காகிதத்தில் நடக்கவே இல்லை.

கைது செய்தால்?

கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவது நம்மூர் வழக்கம். அதுவும் காவலில் வைப்பதுதான், பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியதா என்று பாருங்கள். முறையான கைதென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 47), வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும் (48), விசாரணையின்போது வழக்கறிஞரைப் பார்க்கலாம் (38), மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் (53), 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (58). விதிவிலக்கான சூழலில், நடுவரின் முன் அனுமதி பெற்றாலொழியப் பெண்களைச் சூரியன் மறைந்தபின், விடியும் முன் கைது செய்யக்கூடாது. உடம்பில் காயம் இருந்தால் நடுவர் கேட்பதற்குக் காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

எந்த ஆதாரம் நிற்கும்?

மூல வீடியோ. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரமும் நேர விவரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வெட்டவோ பாட்டு சேர்க்கவோ வேண்டாம். எடுத்த போனை விற்காதீர்கள். நகலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். காலி உறையைக் கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளின் சி.சி.டி.வி. சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அன்றே எழுத்தில் கேளுங்கள்.

எங்கே புகார் கொடுப்பது?

காவல் நிலையம் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதன்பின் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன்கீழ் நடுவர் நீதிமன்றம். ஆனால் கூட்டம் கலைத்த செயலுக்காகப் போலீஸ்மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது பிரிவு 151. பெரும்பாலான வழக்குகள் சிக்கி நிற்கும் இடம் இதுதான். அதனால் இணையாக மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக்கும் விசாரணை மாற்றத்துக்கும் உயர் நீதிமன்றத்தில் ரிட். தூத்துக்குடி வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது மதுரை அமர்வின் உத்தரவால்தான்.

போரில் தடை செய்யப்பட்டது தெருவில் எப்படி அனுமதிக்கப்படுகிறது?

1997-ல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத உடன்படிக்கை, கண்ணீர்ப்புகையைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது; உள்நாட்டுக் கலவரக் கட்டுப்பாட்டுக்கு விதிவிலக்குத் தருகிறது. போர்க்களத்தில் ஒரு தரப்பு புகை போட்டால், எதிர்த்தரப்பு அதை நச்சுவாயு என்று நினைத்து இன்னும் கொடியதைத் திருப்பிப் போடக்கூடும் என்பது தடைக்கான ஒரு காரணம். அந்த விதிவிலக்கு எந்த அளவையும் எந்தத் தூரத்தையும் அனுமதித்துவிடவில்லை.

எத்தனை குண்டு போட்டார்கள் என்று அரசிடம் கேட்க முடியுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். “ஏன் சுட்டீர்கள்” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். அந்தத் தேதியில் ஆயுதக் கிடங்கிலிருந்து வெளியே போன குண்டுகள், திரும்பி வந்தவை, தொகுதி எண், காலாவதித் தேதி, இருப்புப் பதிவேட்டின் அந்தப் பக்க நகல், கலைந்துபோக உத்தரவிட்ட அதிகாரியின் பதவி, நேரம். விசாரணை பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். எப்படிப் பாதிக்கும் என்று விளக்க வேண்டியது அவர்கள் கடமை, விளக்காவிட்டால் மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். வெளியே போன குண்டுகளில் திரும்பி வந்ததைக் கழித்த எண்ணிக்கையை, தெருவில் நீங்கள் படமெடுத்த உறைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.